கர்ப்ப காலத்தில் உடற்பயிற்சி: எவ்வளவு செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

கருத்தரித்த செய்தி தெரிந்ததும் சுற்றியிருப்பவர்களிடமிருந்து ஆலோசனைகள் வந்து குவியும். குனியாதே, படியேறாதே, எதையும் தூக்காதே என்பார் ஒருவர். உடம்பை அசைத்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவம் ஆகும் என்பார் அடுத்தவர். இருவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஏன் கூடாது, ஏன் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இணையத்தில் தேடினாலோ செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று இரண்டு பட்டியல்கள் கிடைக்கும். அவற்றிலும் காரணம் இருக்காது.

பயிற்சி தொடர்பான ஒவ்வொரு எச்சரிக்கையும் கர்ப்பிணியின் உடம்பில் நடக்கும் ஏதோ ஒரு மாற்றத்திலிருந்து பிறந்ததுதான். அந்த மாற்றம் என்னவென்று பிடிபட்டுவிட்டால், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பயிற்சியைக்கூட நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம். ஆகவே இங்கே காரணங்களுக்குத்தான் அதிக இடம்.

முதலில் பயத்தைப் பார்த்துவிடுவோம். நடந்தால், குனிந்து நிமிர்ந்தால் கரு கலைந்துவிடுமோ என்பதுதான் பலருக்கும் உள்ளூர இருக்கும் கேள்வி. தொடக்க வாரங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறுகளே காரணம். தாய் அன்று நடந்தாளா, படியேறினாளா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மிதமான உடற்பயிற்சி கருச்சிதைவையோ குறைப்பிரசவத்தையோ எடை குறைந்த குழந்தை பிறப்பதையோ அதிகமாக்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நன்மைகளோ கணிசமானவை. கனடாவின் மகப்பேறு மருத்துவர்களும் உடற்பயிற்சி வல்லுநர்களும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலுக்கு அடிப்படையாக இருந்த ஆய்வுத் தொகுப்பில், பயிற்சி செய்த கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பகால நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், பிரீ-எக்லாம்ப்சியா ஆகிய மூன்றுக்குமான வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. பிரீ-எக்லாம்ப்சியா என்பது 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகளையும் பாதிக்கக்கூடிய ஆபத்தான நிலை. முதுகுவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை தணிவதும் உண்டு. அவற்றை அனுபவிப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்படியானால் சுகப்பிரசவம் உறுதியா? இல்லை. பயிற்சி உடம்பைத் தயார் செய்யும். குழந்தை எந்த நிலையில் இருக்கிறது, பிரசவ வலி எப்படி முன்னேறுகிறது என்பதெல்லாம் நம் கையில் இல்லை. நன்றாக நடந்து பழகியவருக்கும் சிசேரியன் தேவைப்படலாம். அதை அவருடைய குறையாகப் பார்ப்பது அநியாயம்.

யாரெல்லாம் முதலில் கேட்க வேண்டும்

எல்லோரும்தான். முதல் பரிசோதனையிலேயே, "நான் உடற்பயிற்சி செய்யலாமா? செய்யக் கூடாது என்றால் எதனால்?" என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். "ஓய்வாக இருங்கள்" என்று பொதுவாகச் சொல்வதும், "நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, அதனால் வேண்டாம்" என்று குறிப்பாகச் சொல்வதும் வேறு வேறு. காரணத்தோடு வரும் தடையை மீறவே கூடாது.

சிலருக்குப் பயிற்சி உண்மையிலேயே ஆபத்து. கடைசி மாதங்களிலும் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியபடி இருப்பவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு தொடர்பவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், குறைப்பிரசவ வலி வந்தவர்கள், கருப்பை வாய் பலவீனமாக இருக்கிறது என்று தையல் போடப்பட்டவர்கள், பிரீ-எக்லாம்ப்சியா உள்ளவர்கள், தீவிர இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். ஒரே கர்ப்பத்தில் மூன்று குழந்தைகளைச் சுமப்பவர்களையும் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். ரத்தசோகை கடுமையாக இருந்தாலும், குழந்தையின் வளர்ச்சி குறைவாக இருப்பது ஸ்கேனில் தெரிந்தாலும், தைராய்டோ ரத்த அழுத்தமோ நீரிழிவோ கட்டுக்குள் வராமல் இருந்தாலும் மருத்துவர் முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டும். இரட்டைக் குழந்தைகள், முந்தைய குறைப்பிரசவம், தொடர் கருச்சிதைவு போன்றவை இருந்தால் தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காரணமின்றிப் படுத்தே கிடப்பது பாதுகாப்பான தேர்வு என்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. அசையாமல் படுத்திருந்தால் காலின் ஆழத்திலுள்ள சிரைகளில் (இதயத்துக்குத் திரும்பும் ரத்தக் குழாய்களில்) ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு இன்னும் ஏறும். தசையும் எலும்பும் வலுவிழக்கும். குறைப்பிரசவத்தைத் தடுக்கப் படுக்கை ஓய்வு உதவுகிறது என்பதற்குச் சான்று இல்லாததால், வழக்கமாக அதைப் பரிந்துரைப்பதை மருத்துவ அமைப்புகளே கைவிட்டுவிட்டன.

உடம்புக்குள் என்ன மாறுகிறது

ரத்தத்திலிருந்து தொடங்கலாம். பிரசவ காலம் நெருங்குவதற்குள் உடம்பில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடிவிடுகிறது. அதைச் சுற்றவிட இதயம் கூடுதலாக உழைக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை அதிகமாக இருக்கும். முன்பு அலட்சியமாக ஏறிய படிக்கட்டில் இப்போது மூச்சு வாங்குவது இதனால்தான். புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மூச்சை ஆழமாக்குவதும் சேர்ந்துகொள்கிறது. வயிறு வெளியே தெரியாத இரண்டாம், மூன்றாம் மாதத்திலேயே மூச்சு வாங்கும்போது, "இவ்வளவு சீக்கிரமா?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது இயல்புதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறினால் அது வேறு கதை. மருத்துவரிடம் போக வேண்டும்.

ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதால் முதல் பாதியில் ரத்த அழுத்தம் சற்று இறங்கும். சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவதும், ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் தலை சுற்றுவதும் அதனால்தான். வேகமாக நடந்துவிட்டுச் சடாரென நிற்கக் கூடாது என்று சொல்வதற்கும் அதுவே காரணம். ரத்தம் கால்களில் தேங்கிவிடும். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினால் தொல்லை இல்லை.

அடுத்தது மல்லாந்து படுப்பது. வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி, வலப்பக்கமாக, கீழ் உடம்பின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெருஞ்சிரை ஓடுகிறது. ஏறக்குறைய 20 வாரத்துக்குப் பிறகு கருப்பையின் எடை அதை அழுத்தும் அளவுக்கு வந்துவிடும். மல்லாந்து படுத்தால் சிரை நசுங்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். தாய்க்கு வியர்த்து, குமட்டி, தலை சுற்றும். கருப்பைக்குப் போகும் ரத்தமும் குறையும். ஆகவே மல்லாந்து படுத்து நீண்ட நேரம் செய்யும் பயிற்சிகளை இந்தக் கட்டத்திலிருந்து பக்கவாட்டில் படுத்தோ, சாய்ந்தோ, உட்கார்ந்தோ செய்ய வேண்டும். ஓரிரு நிமிடம் மல்லாந்துவிட்டால் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதற வேண்டியதில்லை. திரும்பிப் படுத்தால் அழுத்தம் விலகிவிடும். 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போதும் ஒருக்களித்துப் படுப்பதே நல்லது.

மூட்டுகளின் கதை வேறு. ரிலாக்ஸின் முதலான ஹார்மோன்கள் தசைநார்களைத் தளர்த்துகின்றன. பிரசவத்தின்போது இடுப்பெலும்பு இடம் கொடுக்க வேண்டுமே! ஆனால் அந்தத் தளர்வு இடுப்போடு நிற்பதில்லை. இதற்கிடையில் வயிறு முன்னே தள்ள, உடம்பின் சமநிலை மாறி, கீழ் முதுகு உள்வளைகிறது. முன்பு தடுக்கினால் தானாகச் சமாளித்துக்கொண்ட உடம்பு இப்போது ஒரு நொடி தாமதிக்கும். விழ வாய்ப்புள்ள எதையும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். கை கால்களை எட்டும் வரை நீட்டி வளைக்கும் பயிற்சிகளில், 'முன்பைவிட நன்றாக வளைகிறதே' என்று மகிழ்ந்து எல்லை தாண்டிவிட வேண்டாம். அது தளர்வு, திறமை இல்லை.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து சுமார் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அந்த வாரங்களில் தாயின் உட்புற வெப்பநிலை 39 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அந்த வளர்ச்சியில் குறை வரலாம் என்ற கவலை உண்டு. கருவின் வெப்பநிலை எப்போதும் தாயைவிட அரை டிகிரி போலக் கூடுதலாக இருக்கும். அது வியர்த்துத் தணிய முடியாது, தாயின் ரத்தத்தின் வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். மிதமான நடையில் வெப்பநிலை அந்த அளவுக்கு ஏறாது. சூடாக்கப்பட்ட அறையில் செய்யும் 'ஹாட் யோகா', நீராவிக் குளியல் அறை, உச்சி வெயிலில் ஓட்டம் ஆகியவற்றில்தான் சிக்கல். காற்றோட்டமான இடம், தளர்வான உடை, அவ்வப்போது தண்ணீர் ஆகியவை இருந்தால் போதும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், இன்சுலின் முழுமையாக வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. கர்ப்பகால நீரிழிவுக்கான பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வது இதனால்தான். இயங்கும் தசைக்கோ ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ள இன்சுலினின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மட்டும் சர்க்கரை தாழ்ந்துவிடும் அபாயம் இருப்பதால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளவு பார்ப்பது அவசியம்.

எவ்வளவு, எந்த வேகத்தில்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி செய்யலாம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அரை மணியையும் மூன்று பத்து நிமிடங்களாகப் பிரிக்கலாம்.

மிதம் என்றால் என்ன? இங்கேதான் பழைய விதி ஒன்று இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. நாடித்துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது என்பது அது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 1985இல் வகுத்த விதி. கடுமையான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றும் அப்போது சொன்னார்கள். 1994இல் அதே அமைப்பு அந்த எண்ணைக் கைவிட்டுவிட்டது. கர்ப்பத்தில் நாடித்துடிப்பே மாறிவிடுவதால், எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் சரிவராது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எண்ணுக்குப் பதிலாகப் பேச்சை வைத்துப் பாருங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதம். பாட்டே வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் குறைக்க வேண்டும். கருவி வேண்டாம், செலவு இல்லை. நேற்று சரியாகத் தூங்கவில்லை, இன்று மசக்கை அதிகம் என்பதெல்லாம்கூட இதில் தானாகக் கணக்கில் வந்துவிடும். அதே வேகம் நேற்று மிதமாகவும் இன்று கடினமாகவும் இருக்கலாம்.

இதுவரை பயிற்சியே செய்யாதவர் எப்படித் தொடங்குவது? முதல் வாரம் மூன்று நாள், நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் வீட்டுக்குள் நடப்பதுபோல நிதானமாக நடங்கள். தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றி விடுங்கள். பிறகு ஐந்தாறு நிமிடம், எங்கோ நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற வேகத்தில் நடங்கள். பார்வை தரையில் அல்லாமல் சற்றுத் தொலைவில் இருக்கட்டும்; பாதத்தில் குதிகால் முதலில் பதியட்டும். வயிறு கனக்கக் கனக்க முதுகை வளைத்துப் பின்னால் சாயத் தோன்றும். உச்சந்தலையை மேலே உயர்த்துவதாக நினைத்துக்கொண்டால் அது தானாகச் சரியாகும். கடைசி மூன்று நிமிடம் மீண்டும் நிதானம். முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் தசையை ஒவ்வொரு காலிலும் அரை நிமிடம் நீட்டிவிட்டால், இரவில் காலைச் சுண்டி இழுக்கும் தசைப்பிடிப்பு சிலருக்குக் குறையும். அடுத்தடுத்த வாரங்களில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். அவசரமே இல்லை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டோ எடை தூக்கிக்கொண்டோ இருந்தவர்கள் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டுத் தொடரலாம். சாதனை நேரத்தை முறியடிக்கும் ஆசையை மட்டும் இந்தச் சில மாதங்களுக்கு ஒத்திவைக்க வேண்டும்.

எந்தப் பயிற்சி

நடைக்கு இணையாக நான் பரிந்துரைப்பது நீச்சல்தான். தண்ணீர் உடம்பின் எடையைத் தாங்குவதால் முதுகுக்கும் முழங்காலுக்கும் விடுதலை. நீரின் அழுத்தம் கால் வீக்கத்தையும் வற்றச் செய்யும். நீந்தத் தெரியாவிட்டால் மார்பளவு தண்ணீரில் நடந்தாலும் அதே பலன். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது, குளத்தின் ஓரம் வழுக்கும், இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும். நிலையான சைக்கிள் நல்ல தேர்வு. சாலையில் ஓட்டும் சைக்கிளில் வயிறு வளர வளர விழும் வாய்ப்பு கூடும்.

தசைவலுப் பயிற்சியை ஆண்களின் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். பிறந்த குழந்தையை நாளெல்லாம் தூக்கப் போகிற கைகள் இவை. நாற்காலியில் உட்காருவதுபோல இறங்கி, பின்புறம் இருக்கையைத் தொட்டதும் எழுவது. சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவது. ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுப்பது ஆகிய மூன்றையும் பத்துப் பத்து முறை, வாரத்தில் இரண்டு நாள் செய்தால் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியமான விதி. மூச்சை அடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கும். இடுப்பின் அடித்தளத் தசைகள் மீதும் பாரம் இறங்கும். எழும்போது, தள்ளும்போது, இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

வயிற்றுத் தசைப் பயிற்சிகளில் ஓர் அடையாளத்தைக் கவனியுங்கள். படுத்த நிலையிலிருந்து தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுக்கோட்டில், தொப்புளுக்கு மேலும் கீழுமாக, மேடுபோலப் புடைத்து நின்றால் அங்கே இரு பக்கத் தசைகளும் விலகுகின்றன என்று பொருள். கடைசி மாதங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த விலகல் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்படிப் புடைக்க வைக்கும் அசைவை மேற்கொண்டு செய்யக் கூடாது. படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுவதற்கும் இதே காரணம்தான்.

யோகாசனத்தில் கர்ப்பிணிகளுக்கென்று நடத்தப்படும் வகுப்புகளுக்குப் போவது நல்லது. தலைகீழ் ஆசனங்கள், வயிற்றை அழுத்தி முறுக்கும் ஆசனங்கள், குப்புறப் படுப்பவை, மூச்சை நீண்ட நேரம் அடக்கும் பிராணாயாமம் ஆகியவை இப்போது வேண்டாம். மற்றவை பெரும்பாலும் சரி.

தவிர்க்க வேண்டியவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம், காரணங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். வயிற்றில் அடிபடக்கூடிய கால்பந்து, கூடைப்பந்து, குத்துச்சண்டை. விழ வாய்ப்புள்ள குதிரையேற்றம், பனிச்சறுக்கு, கரடுமுரடான பாதையில் சைக்கிள். காற்று உருளையோடு ஆழ்கடலில் மூழ்குவது மட்டும் தனி வகை: மேலே வரும்போது ரத்தத்தில் உருவாகும் வாயுக் குமிழ்களைத் தாயின் நுரையீரல் வடிகட்டிவிடும், கருவின் ரத்த ஓட்டம் நுரையீரலைப் பெரும்பாலும் தொடாமலேயே சுற்றிவருவதால் அந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. சமவெளியில் வாழ்பவர்கள் சுமார் 1,800 மீட்டருக்கு மேற்பட்ட மலையிடங்களுக்குப் போனதும் பயிற்சியில் இறங்காமல் உடம்பு பழகும்வரை பொறுப்பது நல்லது.

யாரும் பார்க்காத ஒரு பயிற்சி

ஒன்றே ஒன்று செய்யத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நடைக்கு அடுத்து நான் இதைத்தான் சொல்வேன். இடுப்பெலும்பின் அடியில், முன்னிருந்து பின்னாக, ஏணை கட்டியதுபோல ஒரு தசைத் தொகுதி சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கி நிற்கிறது. கர்ப்பம் அதன் மேல் நாளுக்கு நாள் பாரம் ஏற்றுகிறது. பிரசவத்தில் அது மிகவும் இழுபடுகிறது. இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிவது அது தளர்ந்ததன் அடையாளம். பலரும் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று வருடக்கணக்கில் சகித்துக்கொள்கிறார்கள். சகிக்க வேண்டியதே இல்லை. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதியதிலிருந்து இந்தத் தசைகளுக்கான பயிற்சி அவர் பெயரிலேயே வழங்குகிறது.

நாற்காலியில் இரு பாதங்களும் தரையில் படிய உட்காருங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்குங்கள். அதே இறுக்கத்தை முன்பக்கம் சிறுநீரை அடக்குவதுபோலக் கொண்டுவாருங்கள். பிறகு அதை உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். வயிற்றில் ஒரு கையும் தொடையில் ஒரு கையும் வைத்துப் பாருங்கள். அவை இறுகினால் தவறான தசை வேலை செய்கிறது. மூச்சு இயல்பாக ஓட வேண்டும். வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள், பிறகு ஐந்து எண்ணும்வரை முழுதாக விடுங்கள். பிடிப்பதைப் போலவே விடுவதும் பயிற்சிதான். பிரசவ நேரத்தில் இந்தத் தசைகள் தளர்ந்து வழிவிடப் பழகியிருக்க வேண்டும். இப்படி எட்டுப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. நாளாக நாளாகப் பிடிக்கும் நேரத்தைப் பத்து வரை உயர்த்தலாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தசை எது என்று தெரிந்துகொள்ள ஒருமுறை செய்தால் பரவாயில்லை; அதையே பழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் தொல்லை வரும்.

மாதத்துக்கு மாதம்

முதல் மூன்று மாதங்களில் எதிரி சோர்வும் குமட்டலும்தான். காலையில் முடியாவிட்டால் மாலையில் நடங்கள். மாலையிலும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். தொடர்ந்து வாந்தி எடுத்து, தண்ணீர்கூடத் தங்காத நாளில் பயிற்சி வேண்டவே வேண்டாம். நடுவில் உள்ள மூன்று மாதங்கள் பலருக்கும் தெம்பான காலம். பழக்கத்தை வளர்த்துக்கொள்ள இதுவே வாய்ப்பு. இந்தக் கட்டத்தில் நாளுக்குச் சுமார் 340 கலோரியும் கடைசி மூன்று மாதங்களில் சுமார் 450 கலோரியும் கூடுதலாகத் தேவை. பயிற்சி செய்பவருக்கு அதற்கு மேலும். எடை குறைப்பதற்கான காலம் இதுவல்ல. வெறும் வயிற்றோடு போகாமல் ஏதாவது லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கடைசி மாதங்களில் வேகம் தானாகக் குறையும், குறையட்டும். திரும்பிப் படுக்கும்போதோ ஒற்றைக்காலில் நின்று உடை மாற்றும்போதோ இடுப்பின் முன் எலும்பில் சுரீரென்று வலித்தால், கால்களை அகட்டி வைக்கும் பயிற்சிகளையும் ஒற்றைக்கால் பயிற்சிகளையும் நிறுத்திவிட்டு, உட்கார்ந்து உடை மாற்றுங்கள், சிற்றடி வைத்து நடங்கள். இதற்கு இயன்முறை மருத்துவர்களிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது. காலணியின் அளவு மாறியிருக்கும். மார்பைச் சரியாகத் தாங்கும் உள்ளாடையும் தேவைப்படும்.

விளையாட்டு வீராங்கனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. செரீனா வில்லியம்ஸ் 2017 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் பட்டத்தை வென்றபோது கருவுற்றிருந்தார். அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை அலிசியா மொன்டானோ 2014இல் 34 வாரக் கர்ப்பத்தோடு தேசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடினார். கர்ப்பம் ஒரு பெண்ணை முடக்கிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இவை நல்ல பதில்கள். ஆனால் இவர்கள் பல வருடப் பயிற்சியும் பக்கத்திலேயே மருத்துவரும் உள்ளவர்கள். சமூக ஊடகத்தில் ஒன்பதாம் மாதத்தில் எடை தூக்கும் காணொளியைப் பார்த்துவிட்டு, 'நான் மட்டும் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறேன்' என்று குமைவதில் பயனில்லை.

உடனே நிறுத்த வேண்டிய நேரங்கள்

உதிரம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, மார்பு வலித்தாலோ பயிற்சியை அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். கசிவது சிறுநீரா பனிக்குட நீரா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டாம், காட்டிவிடுங்கள். கடுமையான தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவை பிரீ-எக்லாம்ப்சியாவாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்த்துவிடக் கூடாது. உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகும் நிற்காத தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது இவையும் காத்திருக்க வேண்டியவை அல்ல. விழுந்து வயிற்றில் அடிபட்டால், வலியே இல்லாவிட்டாலும் அன்றே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வயிறு அவ்வப்போது கல்லாக இறுகி விடுவது பயிற்சியின்போது சகஜம். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்தால் அது அடங்கிவிடும். அடங்காமல், சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து வலி கூடிக்கொண்டே போனால் அது பிரசவ வலியாக இருக்கலாம். நாள் நெருங்கவில்லை என்று ஒதுக்கக் கூடாது.

குழந்தை பிறந்த பிறகு

ஆறு வாரம் எதுவும் கூடாது என்ற விதி இப்போது அவ்வளவு கறாராக இல்லை. சிக்கலின்றிச் சுகப்பிரசவமானவர்கள் சில நாட்களிலேயே, வலி அனுமதிக்கும் அளவுக்கு, வீட்டுக்குள் நடக்கவும் கெகல் பயிற்சியைத் தொடங்கவும் செய்யலாம். சிசேரியன் ஆனவர்களுக்குச் சிறுநடை நல்லது என்றாலும் தழும்பு ஆறும்வரை எடை தூக்குவதும் வயிற்றுப் பயிற்சிகளும் மருத்துவரின் அனுமதிக்குப் பிறகுதான். ஓட்டம், குதித்தல் போன்றவற்றுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். நடந்துவிட்டு வந்த நாளில் உதிரப்போக்கு மீண்டும் சிவந்து கூடினால், அல்லது கீழே ஏதோ இறங்குவதுபோலக் கனத்தால், ஒரு படி அதிகமாகப் போய்விட்டீர்கள் என்று பொருள். அடுத்த சில நாட்களுக்கு முந்தைய வாரத்தின் அளவுக்கே திரும்புங்கள். அப்போதும் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.